நாட்டு ரகசியமும் வீட்டுப் பழியும்

“ஃபோன்ல யாருங்க?”

“தெரிஞ்சவங்கதான்.”

“தெரியாதவங்களா காலங்காத்தால கூப்பிடுவாங்க? யாருன்னு கேட்டேன்!”

“சொல்றேன், சொல்றேன்...”

அடுப்பில் பால் பொங்கியது. அதைவிட வேகமாக அவளுக்குள் பொங்கியது. மனுஷனா இவர்? கட்டிய மனைவியிடம் பேசுகிறாரா, எதிரி நாட்டுத் தூதரிடம் பேசுகிறாரா?

பாதுகாப்பு அமைச்சகத்தில் கடைசி நாற்காலியில் உட்கார ஆரம்பித்து, இணைச் செயலாளராக எழுந்து வந்தவர் அவர். எத்தனையோ அமைச்சர்கள் வந்தார்கள், போனார்கள். ஆயுதம் வாங்குவது, எல்லைப் பேச்சுவார்த்தை என்று எல்லாவற்றிலும் இவர் கை இருந்ததாக ஊரே சொல்லும். இவர் மட்டும் சொல்ல மாட்டார். ஓய்வு பெற்றும் அந்த வியாதி விடவில்லை. காய்கறிக் கடைச் சீட்டைக்கூட நார் நாராகக் கிழித்துத்தான் குப்பையில் போடுவார். வெளியே என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், “சாப்பிட்டேன்” என்பார். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்?

வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நாத்தனார்! அவருடைய ஒரே தங்கை. மாமியார் செத்ததிலிருந்து இந்தப் படியை மிதிக்காதவள்.

“வா... வாம்மா.”

நாத்தனார் அவளைப் பார்க்காமலே உள்ளே போய் அண்ணன் எதிரில் உட்கார்ந்தாள்.

“அண்ணா, பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சு. ஃபோன்லயே சொல்லிட்டேன், இருந்தாலும் நேர்ல கூப்பிடறதுதான் முறை. நீ வந்துடு. நீ மட்டும் வந்தா போதும்.”

காபி கலக்கிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. நீ மட்டும்! அந்தப் பெண் நடை பழகியது இந்தக் கூடத்தில்தான். அம்மாக்காரி வேலைக்குப் போன காலமெல்லாம் “அத்தை, அத்தை” என்று இவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த குழந்தை. அவளை மணக்கோலத்தில் பார்க்கக்கூட இவளுக்குக் கொடுத்துவைக்கவில்லையா?

“அவ என்ன தப்பு பண்ணா...” என்று அவர் இழுத்தார்.

“என்ன தப்பா? அம்மா கடைசி மூச்சு வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தாங்க. உன் பொண்டாட்டி உனக்கு ஒரு வார்த்தை சொல்லல. கேட்டதுக்கு, வேலை நேரத்துல தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேன்னு கல்லு மாதிரி நின்னு சொன்னாங்க. பெத்த தாய் முகத்தைப் பாக்க விடாதவங்க என் பொண்ணு கல்யாணத்துல வந்து நிக்கணுமா?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். அவ்வளவுதான், அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கு நடந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். வேலையாக வெளியூர் கிளம்பும்போதே இவர் சொல்லியிருந்தார், நான் ஊரில் இல்லை என்பது ஈ எறும்புக்குத் தெரியக்கூடாது என்று. மாமியாருக்கு மூச்சுத் திணறியதும் அவள் அலுவலகத்துக்குத் திரும்பத் திரும்ப ஃபோன் செய்தாள். எங்கே இருக்கிறார் என்று சொல்ல முடியாது, தகவல் சேர்த்துவிடுகிறோம் என்றார்கள். அவர் வரவில்லை. சொந்தபந்தம் சூழ்ந்துகொண்டு கேட்டபோது அவள் என்ன சொல்வாள்? பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். எல்லாம் முடிந்து வந்த மகானுபாவர், கீழே வேலை செய்கிறவனிடம் சொல்வதுபோல, “நல்லா சமாளிச்சிருக்கே” என்றாரே ஒழிய, ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

டம்ளரை ‘ணங்’கென்று மேடையில் வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

“இப்பவாவது வாயைத் திறங்க! நீங்க எங்க இருந்தீங்கன்னு நான் கேக்கல. நாட்டு ரகசியம் நாட்டோடயே இருக்கட்டும். நான் உங்களுக்கு ஃபோன் பண்ணேனா, இல்லையா? அது எந்த நாட்டு ரகசியம்? சொல்லுங்க!”

“அது... வேலை சம்பந்தப்பட்டது...”

“உங்க அம்மா செத்தது வேலை சம்பந்தப்பட்டதா!”

நாத்தனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்ன அண்ணா இது? அண்ணி ஃபோன் பண்ணாங்களா?”

அவர் தலை குனிந்தது. எத்தனையோ நாட்டு அதிகாரிகள் எதிரில் அசராமல் உட்கார்ந்தவருக்குத் தங்கை முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“பண்ணா. அம்மா உயிரோட இருக்கும்போதே எனக்குத் தகவல் வந்துடுச்சு. நீ கிளம்பு, மத்ததை நாங்க பாத்துக்கறோம்னு மேலதிகாரியே சொன்னார். வண்டிகூட தயாரா நின்னுச்சு. நான்தான்... நான் இல்லாம பேச்சுவார்த்தை கெட்டுப்போயிடும்னு நெனச்சேன். அம்மா எப்பவும் போல தேறிடுவாங்கன்னு நெனச்சேன்.”

வர முடியாமல் போனது என்றல்லவா இத்தனை வருஷம் நம்பினாள்! வரலாம் என்று சொல்லியும் வராமல் இருந்திருக்கிறார்! பூட்டி வைத்தது நாட்டு ரகசியமே இல்லை. இவருடைய வெட்கக்கேடு!

“அடப்பாவி மனுஷா...” என்றாள்.

நாத்தனார் எழுந்து வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “அண்ணி... எவ்வளவு பேசிட்டேன்! தெருவுல பாத்தாக்கூட மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேனே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“எப்படிம்மா சொல்வேன்? வாயைத் திறந்தா இவர் உத்தியோகம் போயிடும்னு பயந்து செத்தேனே...”

“உங்க பொண்ணு தினம் கேக்கறா அண்ணி, அத்தை வருவாங்களான்னு. நீங்க முன்னாடி நிக்காம அவ மேடை ஏற மாட்டா. என்னை மன்னிச்சு வாங்க அண்ணி!”

நாத்தனார் அவள் தோளில் சாய்ந்து விம்மினாள். அவள் கண்ணிலும் தாரை தாரையாக வழிந்தது. ஆனாலும் மனசு அடங்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“நான் கல்யாணத்துக்கு வர்றேன். நீங்களும் என் பக்கத்துலயே நிக்கணும். அன்னிக்கு உங்க பெரியப்பா தொடங்கி என்னைக் காறித் துப்பின சொந்தக்காரங்க அத்தனை பேரும் வருவாங்க. இப்ப உங்க தங்கச்சிகிட்ட சொன்னதை அவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் உங்க வாயால சொல்லுங்க. இல்லேன்னா அந்தக் கல்யாணத்தோட நான் உங்க தங்கச்சி வீட்டுலயே தங்கிடுவேன்.”

“அத்தனை பேர்கிட்டயுமா?”

“அத்தனை பேர்கிட்டயும்தான்.”

அவர் தங்கையிடம் கேட்டார்.

“பெரியப்பா வருவாரா?”

“வருவார் அண்ணா.”

“அப்போ அவர்கிட்டேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.”