இரண்டிலும் ஒன்றாக

மயிலுக்குக் கொண்டை இல்லை.

பலராமன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் திரையை மறுபடி பார்த்தார். கட்டம் கட்டமாய் நிறம் நிரப்பி வரைந்த முந்தானை மயில், மத்தியானம் வரை முழுசாகத்தான் இருந்தது. இப்போது தலைக்கு மேலே வெறும் வெள்ளை. அமாவாசை என்பதால் ஆரணியில் ஒரு தறியும் ஓடவில்லை, ஆட்கள் யாரும் வரவில்லை. பொழுது சாய்கிற அந்த நேரத்தில் மாடி ஆபீஸில் அவரும், அலமாரிப் பட்டின் வாசனையும், மேஜைக்கடியில் முனகிக்கொண்டிருந்த லினக்ஸ் சர்வரும்தான்.

அந்தப் பெட்டிக்குள்தான் அவர் பிழைப்பே இருந்தது. இத்தனை வருஷத்து டிசைன் அத்தனையும் அதில். தீபாவளிச் சேலைகளுக்கு, டிசைனைத் துளைகளாக்கித் தறிக்குச் சொல்லும் அட்டைகளை இனிமேல்தான் அடிக்கவேண்டும். டிசைன் போனால் தறி நிற்கும். தறி நின்றால் மனுஷர் நடுத்தெருவில்தான் நிற்கணும். ஆனாலும் அவருக்கு ஒரு தைரியம் இருந்தது. உள்ளே ஹார்டு டிஸ்க் இரண்டு. ஒன்றில் எழுதுவதெல்லாம் அப்படியே மற்றதிலும் பதியும். ஒன்று செத்தால் இன்னொன்று இருக்கும்.

வரைந்ததெல்லாம் டிசைனர் தமிழ்வாணன். அவன் வாராவாரம் எல்லாவற்றையும் சிடியில் நகலெடுத்துத் தன் வீட்டில் வைத்திருந்தான். ஆபீஸ் தீப்பிடித்தால்கூட டிசைன் பிழைக்கட்டும் என்றுதான். ஆரணியில் இது லேசுப்பட்ட காரியமா? ஒரு டிசைன் வாசல் தாண்டினால் போதும், எதிர்த்தெருத் தறியில் பாதி விலைக்கு ஓடும். இங்கே நகல் என்றாலே திருட்டுதான். விஷயம் தெரிந்ததும் பலராமன் ஆட்களோடு போய், அவன் பெண்டாட்டி கண்ணெதிரே அத்தனை சிடியையும் தெருவில் போட்டு மிதித்து நொறுக்கினார். திருட்டுப் பட்டமும் கட்டினார். அவன் எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தான்.

"ரெண்டு இருக்குதுன்னு நெனச்சிகினு இருக்காதீங்க மொதலாளி. அதுல நெசமா இருக்கிறது ஒண்ணுதான். இங்க அழிஞ்சா அங்கயும் அழியும்."

பலராமன் சிரித்தார். அதற்கப்புறம் எந்தக் கடையும் அவனைச் சேர்க்கவில்லை. ஆடி பிறக்குமுன் ஆற்று மணலில் பிணமாகக் கிடந்தான். பலராமன் எழவுக்குப் போகவில்லை. மனசு கூசியது என்பதுதான் உண்மை. வெளியூர் வேலை என்று சொல்லிவிட்டார்.

இப்போது மயிலின் கழுத்தும் இல்லை. வேறு டிசைனைத் திறந்தார். அன்னத்துக்குத் தலை இல்லை. இன்னொன்று. யாளிக்கும் இல்லை. அவர் கை எதையும் தொடவில்லை, ஆனால் மேலிருந்து ஒவ்வொரு வரியாக, அவசரமே இல்லாமல், யாரோ அழித்துக்கொண்டே வந்தார்கள். பெட்டிக்குள்ளிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது. ஈர மணல் வாசனை அடித்தது. வேலூர் கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டார். பேக்கப் சிடி எங்கே என்று அவர் கேட்டார். பலராமன் போனை வைத்துவிட்டார்.

அப்போதுதான் புத்தி வேலை செய்தது. ஒரு டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டால்? மிச்சமாவது அதில் பத்திரமாக நிற்குமே. மூடியைக் கழற்றினார், ஒயரைப் பிடுங்கினார், டிஸ்க்கை உருவி இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டார். திரையில் மயில் தேய்ந்துகொண்டே போனது.

"அழிச்சிக்கோடா. எனக்கு இது ஒண்ணு போதும்."

கைக்குள் அது நடுங்கியது.

ஒயர் இல்லை. கரண்ட் இல்லை. சுற்றியது. பெட்டிக்குள் ஒரு டக். கைக்குள் ஒரு டக். ஒரே நேரத்தில்.

"தமிழு," என்றார். "நீ திருடன் இல்லன்னு ஊரு முன்னாடி சொல்லிடறேன்டா."

திரையில் மயிலின் கடைசிக் கால்நகமும் போனது. முழு வெள்ளை.

சத்தம் நிற்கவில்லை.

இன்னும் என்ன இருக்கிறது அழிக்க? குனிந்து பார்த்தார்.

வலது கையில் நகங்கள் இல்லை. ரத்தம் இல்லை. வலி இல்லை. விரல் நுனிகள் நேர்கோடாக முடிந்திருந்தன.

டக். இன்னொரு வரி.

இடது கையைப் பார்த்தார்.

அதே அளவு. அதே வரி.

டக்.

டிஸ்க் நழுவித் தரையில் விழுந்து, சுற்றிக்கொண்டே கிடந்தது. வழவழவென்று முடிந்த இரண்டு மணிக்கட்டுகளையும் அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இரண்டும் ஒன்றாகவே மேலேறிக் குறைந்துகொண்டிருந்தன.