பாலத்தருகே நின்ற வேன்

பிற்பகல் 12.40. புவனேசனைக் காணவில்லை என்று முதலில் சொன்னவர் அவனுடைய தந்தை அல்லர். புத்ராஜெயாவில் வெளியுறவு அமைச்சில் பணிபுரியும் கணேஸ்வரன்.

அவன் மருத்துவம் படிக்கச் சென்ற குளிர்நாட்டுக்குள் அண்டை நாட்டுப் படை புகுந்து நான்கு நாள்கள் ஆகியிருந்தன. ஒரு வல்லரசு வன்மையாகக் கண்டித்தது. இன்னொன்று ஆழ்ந்த கவலை கொண்டது. மூன்றாவது, தன் தூதரகத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்ட பிறகே அறிக்கை விட்டது. படை குவிவதை உளவுத்துறைகள் முன்னரே படம்பிடித்துக் காட்டியிருந்தன. கேட்க வேண்டியவர்கள் கேட்க விரும்பவில்லை. அதே உளவுத்துறைகள் இன்று வேறொன்று சொல்லியிருந்தன: அவன் படிக்கும் நகரின் கடைசிப் பாலம் மலேசிய நேரப்படி இரண்டு மணிக்குமேல் நிற்காது.

அந்தப் பாலத்தருகே, மலேசிய மாணவர் ஐவரோடு ஒரு வேன் ஆறாமவனுக்காகக் காத்து நின்றது.

"போன் எடுக்க மாட்றான் மேடம்," என்றார் கணேஸ்வரன் தொலைபேசியில். "அவன விட்டுட்டும் போக முடியல. நின்னா அஞ்சு பேருக்கும் ஆபத்து."

கோலசிலாங்கூர் இன்ஸ்பெக்டர் அமராவதி அப்போது செம்பனைத் தோட்டத்தில், புவனேசனின் தந்தை நல்லசாமியின் வாசலில் நின்றார். அவன் எந்த நாட்டு எல்லையையாவது கடந்தானா என்று பதிவுகளைக் கேட்டிருந்தார். பதில் வருவதற்குள் பாலம் போய்விடும்.

நல்லசாமி அங்கே கூலிகளை மேய்த்த பழைய மண்டோர். தம் மகன் டாக்டராகப் போவதைத் தோட்டத்துக்கே மனப்பாடம் ஆக்கியவர். மகனின் குரற்பதிவை ஓடவிட்டுக் கைப்பேசியை நீட்டினார்.

"அப்பா, பேஸ்மெண்ட்ல ஒளிஞ்சிருக்கேன். வெளிய குண்டு போடுறான். கவலப்படாதீங்க, எப்படியாச்சும் வந்துடுவேன்."

வெடிச்சத்தம். அபாயச் சங்கு. அவற்றின் அடியில் மெல்லிய மூன்று கீச்சொலி, ஒரு கரகரப்பு, மீண்டும் மூன்று கீச்சொலி.

"எப்ப வந்துச்சுங்கய்யா?"

"காலைல ஒம்பது மணிக்கு. அங்க ராத்திரி மூணு. பிள்ள தூங்கவே இல்ல பாருங்க. ஒடனே அமைச்சுக்கு அனுப்பிட்டேன்."

"அழுவாதீங்க லா மச்சான். வந்துருவான்," என்றார் அருகில் நின்றவர். நல்லசாமியின் காலமான மனைவிக்குத் தம்பி, லோகேஸ்வரன். கறுப்பு வேட்டி, கழுத்தில் ஐயப்பன் மாலை. அவருடைய மோட்டார்சைக்கிளில், பொரித்த வாசத்தோடு ஒரு சிவப்புப் பை தொங்கியது. அதன்கீழ் ஒரு பூனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

ஐந்து பிள்ளைகளோடு வேன் நிற்பதை அமராவதி இருவரிடமும் சொன்னார். லோகேஸ்வரனின் விரல்கள் மாலையைப் பற்றின.

"சாமி எங்க வேல?"

"தஞ்சோங் காராங், மேடம். மொதலாளி தவுக்கேயோட குருவி வீட்டுக்குக் காவல். அங்கயே தங்கல்."

"கூட யாரு?"

"யாரு இருக்கா? ஒண்டிக்கட்ட. நானே பொங்கி நானே சாப்புடுறேன். விரதத்துக்கு அதான் வசதி."

அமராவதி குரற்பதிவை மறுபடியும் கேட்டார். பூனையைப் பார்த்தார். கணேஸ்வரனை அழைத்தார்.

"வேன எடுக்கச் சொல்லுங்க. பையன் அங்க இல்ல."

"உறுதியா, மேடம்?"

"உறுதி. தஞ்சோங் காராங்ல பொரிச்ச கோழிக்குக் காத்துக்கிட்டு இருக்கான்."

நல்லசாமி கைப்பேசியைத் திரும்ப வாங்கிக் காதில் வைத்தார். அமராவதி நிதானமாக விளக்கினார்.

"பனி கொட்டுற ஊருல, ராத்திரி மூணு மணிக்கு எந்தக் குருவிங்கய்யா கத்தும்? அதுவும் மூணு கீச்சு, ஒரு கரகரப்பு, திரும்ப அதே மூணு கீச்சு. உசுரோட இருக்குற குருவி அப்படிக் கத்தாது. கூட்ட எடுத்து விக்கிறதுக்காக, குருவி கூடு கட்ட வரட்டும்னு குருவி வீட்டுல ராப்பகலா போட்டு விடுற ஸ்பீக்கர் அது. நம்ம பக்கம் கடைத்தெரு பூரா அந்தச் சத்தந்தான். பழகிப்போய் யாரு காதுலயும் விழறதில்ல; பதிவு பண்ணவன் காதுலயும் விழல. குண்டுச் சத்தம் செய்தி வீடியோவுல இருந்து வந்தது."

அவர் திரும்பினார்.

"எத்தன குருவி வீடு இருந்தாலும், மால போட்ட சாமி ஒருத்தரு, பூன மோப்பம் புடிக்கிற பையில ஆயாம் கோரேங் வாங்கிட்டுப் போறாருன்னா, அங்க பசியோட வேற ஒருத்தன் இருக்கான். மறைச்சு வச்சது நீங்கதான், சாமி."

லோகேஸ்வரன் தலைகுனிந்தார். "பரீட்சைல பெயிலாயிடுச்சுன்னு ரெண்டு மாசம் முந்தியே வந்துட்டான், மச்சான். ஒங்க மூஞ்சில முழிக்கப் பயம். சண்ட வந்ததும், அதுலேர்ந்து தப்பிச்சு வந்தேன்னு சொல்லிக்கிட்டே வீட்டுக்கு வந்துடலாம்னு பாத்தான். அமைச்சுக்குப் போகும்னு நெனைக்கல."

"சரி, நெனைக்கல. அஞ்சு பிள்ளைங்கன்னு நான் சொன்னப்ப வாயத் தொறந்திருக்கலாமே?" என்றார் அமராவதி.



2.20. கணேஸ்வரன் அழைத்தார். உளவுத்துறைகள் சொன்னது இம்முறையும் பொய்க்கவில்லை, பாலம் தகர்ந்துவிட்டது.

"அஞ்சு பேரும் தாண்டிட்டாங்களா?" என்று கேட்டார் நல்லசாமி. அதுவே அவருடைய முதல் கேள்வி.

"தாண்டிட்டாங்க, ஐயா."

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். மைத்துனரின் வண்டியிலிருந்து சிவப்புப் பையைக் கழற்றி எடுத்துப் போலீஸ் காரில் ஏறி அமர்ந்தார்.

"வண்டிய எடுங்கம்மா," என்றார். "அந்தச் சண்ட நடக்குற எடத்த நானும் பாக்கணும்."