ஒன்பது புள்ளி ஆறு

பெய்ஷென் வீட்டு மீட்டரைக் கழற்றி எடுத்து மூன்று வருடமாகிறது. ஆனாலும் அந்த வீட்டில் தினமும் ஒன்பது புள்ளி ஆறு யூனிட் செலவாகிறது என்று பழைய கணினி சொல்லிக்கொண்டே இருந்தது.

அந்த மலையூர் மின் அலுவலகத்தில் யார் வீட்டில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று பார்ப்பது அந்தக் கணினிதான். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, முப்பது வருடப் பழசு. அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டுப் புது மென்பொருளை ஏற்ற தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து எர்மெக் வந்திருந்தான். தொப்பையும் வாயும் ஒன்றுக்கொன்று சளைக்காத ஆள். இரண்டு வாரமாகப் பழையதும் புதியதும் ஒரே கணக்கைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டுவந்தன. ஆறாயிரத்துச் சொச்சம் வீடுகள் ஒத்துப்போய்விட்டன. இது ஒன்றுதான் இடித்தது.

"மீரிம் அக்கா, இந்த வீட்டுல பேய் ஏதும் குடியிருக்கா? மீட்டரே இல்ல, ஆனா டீ மட்டும் ஒழுங்கா கொதிக்குது."

பழைய இயந்திரம், உளறும் என்றாள் அந்தக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் மீரிம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை.

எர்மெக் விடுகிற ஆளில்லை. மத்தியானத்துக்குள் பழைய நிரலின் அடியில் ஒரு வரியைத் தோண்டி எடுத்துவிட்டான். மீட்டர் அளவு வராத வீட்டுக்குப் போன வருடத்துச் சராசரியைப் போடு, போட்டது தெரியும்படி குறி எதுவும் வைக்காதே. அதுதான் அந்த வரி.

"குறிகூட வைக்காம மறைச்சிருக்காங்க. யாரு அக்கா இத எழுதினது?"

"எனக்குத் தெரியாதுப்பா. நான் வர்றதுக்கு முன்னாடி."

முழுப் பூசணிக்காயை அவள் சோற்றில் மறைத்தது இது முதல் தடவையல்ல. எழுதியவள் அவள்தான். குளிர்காலத்தில் பள்ளத்தாக்குப் பாதை மூடிவிட்டால் மீட்டர் பார்க்கும் சபீர் தன் வீட்டிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு எண்களை எழுதித் தருவான். அலுவலகத்தில் அதற்கு அடுப்படிக் கணக்கு என்று பெயர். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் சிரிப்பார்கள். அவனுக்கு எதற்கு அந்தச் சிரமம் என்று மீரிம் அதையே ஒரு வரியாக எழுதிக் கணினியில் போட்டாள். அறிக்கை நேரத்துக்குப் போயிற்று. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதமும் வந்தது.

மூன்று வருடத்துக்கு முன், அந்தப் பிப்ரவரியில்தான் பெய்ஷென் தொலைபேசியில் கூப்பிட்டார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், பள்ளத்தாக்கில் தனி ஆள். நிலக்கரி அடுப்பை இடித்துவிட்டு மின்கணப்பு வைத்துக்கொண்டவர். வீட்டில் மின்சாரம் இல்லை, குளிர் தாங்கவில்லை என்றார். மீரிம் திரையைப் பார்த்தாள். ஒன்பது புள்ளி ஆறு. அது தன்னுடைய வரி போட்ட எண் என்பது ஒரு நொடி அவளுக்கு உறைத்தது. ஆனால் பதினோரு பேர் வரிசையில் காத்திருந்தார்கள். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, திரையில் தெரிகிறது, போர்த்திக்கொண்டு படுங்கள் என்றாள். மூன்று தடவை கூப்பிட்டார். மூன்று தடவையும் அதையே சொன்னாள்.

மார்ச் ஒன்பதாம் தேதி பாதை திறந்தபோதுதான் ஆட்கள் போனார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கோட்டு. மடியில் தொலைபேசி.

"வரிய எடுத்துரவா, வச்சிக்கவா?" என்றான் எர்மெக். எடுத்தால் பழைய மாதங்களில் நிரப்பிய எண்களெல்லாம் வெளியே வந்து நிற்கும், பிஷ்கெக்கில் யாராவது கேள்வி கேட்பார்கள் என்றும் சொன்னான்.

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. நாக்கு நுனிவரை வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்படியே புதுசுலயும் ஏத்திடு."

அவன் ஏற்றினான். கடைசி வேனைப் பிடிக்கக் கிளம்பிப் போனான். மீரிம் பழைய கணினியை அணைத்தாள். திரை கறுத்த பின்னும் அந்தப் பச்சை எண் கண்ணுக்குள் கொஞ்ச நேரம் நின்றது.

ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. ஊரெல்லாம் நிலக்கரிப் புகை வாடை, காலடியில் நொறுங்குகிற பனி, எங்கோ ஒரு நாய் ஒரே சுதியில் குரைத்துக்கொண்டிருக்க, அவள் ஊர்க்கோடியிலிருந்த தன் வீட்டுக்கு நடந்தாள். மகள் மாஸ்கோவில் வேலை பார்க்கிறாள், ஞாயிறன்று பேசுவாள். அதுவரை சுவர்தான் பேச்சுத்துணை. வெள்ளிக்கிழமையானதால் ஆட்டுக்கொழுப்பைச் சட்டியில் போட்டு மின்னடுப்பில் ஏற்றினாள். அந்த ஊர் நம்பிக்கையில், வெள்ளிதோறும் பொரிக்கிற வாசனைதான் இறந்தவர்களுக்குப் போய்ச் சேரும் சோறு. மாவுத் துண்டுகள் பொன்னிறமாக உப்பிவர, கணவன் பெயரைச் சொன்னாள், அம்மா பெயரைச் சொன்னாள், இன்னொரு பெயரை எப்போதும்போல் சொல்லாமல் துண்டுகளைத் திருப்பிப் போட்டாள்.

விளக்கு அணைந்தது.

குளிர்சாதனப் பெட்டியின் முனகல் நின்றதும், இத்தனை நாளும் அது முனகியதே அப்போதுதான் தெரிந்தது. சன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டில் வெளிச்சம் இருந்தது. தொலைக்காட்சியில் யாரோ சிரித்தார்கள். இந்த வீட்டில் மட்டும்தான் இருட்டு. கைபேசி வெளிச்சத்தில் சட்டியைப் பார்த்தாள். இப்போதுதானே கொதித்தது. கொழுப்பு வெள்ளையாக உறைந்து, மாவுத் துண்டுகளை இறுகப் பிடித்திருந்தது.

கணப்பைத் தொட்டாள். கல்லாகச் சில்லிட்டிருந்தது.

கதவுக்குப் போனாள். பூட்டு திரும்பவில்லை. விரல் இரும்பில் ஒட்டிக்கொண்டது, இழுத்தபோது தோல் வந்தது. சன்னலைத் தட்டினாள். கத்தினாள். பக்கத்து வீட்டில் மறுபடி சிரித்தார்கள்.

அலுவலக எண்ணைக் கூப்பிட்டாள். அவள் மேசையில் இருக்கும் தொலைபேசியின் எண். இந்நேரம் அங்கே யாரும் இல்லை.

எடுத்தார்கள்.

"என் வீட்ல கரண்ட் இல்ல. குளிர் தாங்கல."

காகிதம் புரளும் சத்தம். வரிசையில் யாரோ இருமினார்கள். பிறகு ஒரு பெண் குரல், சலிப்போடு.

"ஓடிக்கிட்டுதான் இருக்கு. திரையில தெரியுது. போத்திக்கிட்டு படுங்க."

அவளுடைய குரல்.

மறுபடி கூப்பிட்டாள். அதே பதில். மூன்றாவது தடவை அந்தப் பதிலை இவளும் கூடவே சொன்னாள்.

புது மென்பொருளைக் கைபேசியில் திறந்தாள். மீட்டர் பேசாமல் போனால் அவள் எழுதிய வரி அதற்காகப் பேசும். பேசிக்கொண்டிருந்தது. அவள் பெயர், அவள் தெரு. அதன்கீழ் பச்சையாக ஒரு கோடு, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல். இன்று ஒன்பது புள்ளி ஆறு. நாளை ஒன்பது புள்ளி ஆறு. விரலால் தள்ளினாள். நாளை மறுநாள். அடுத்த வாரம். ஞாயிறுகள். கோடு முடியவில்லை.

மூச்சு வெள்ளையாக வந்தது. பிறகு அதில் சூடு இல்லை, வெள்ளையாகவும் வரவில்லை.

எப்போது உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. தோள் கனத்தது. குனிந்து பார்த்தாள். தன் கோட்டுக்கு மேல் இன்னொரு கோட்டு, ஆண்கள் கோட்டு, பேருந்து ஓட்டுநர்களுடையது, கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது. மடியில் கைபேசி. திரையில் அந்தப் பச்சைக் கோடு மார்ச் ஒன்பதாம் தேதியில் வந்து நின்றிருந்தது.