ஐந்தாவது பாக்கெட்

வியாழக்கிழமை காலை பிரமிளா வடமாலபேட்டையிலிருந்து பஸ் ஏறித் திருப்பதிக்கு வந்து, முனிகிருஷ்ணன் வீட்டுக் கூடத்தில் இரண்டு அட்டைப் பெட்டிகளை இறக்கி வைத்தாள். ஊரில் முறுக்கு செய்து பாக்கெட் போட்டு விற்பவள் அவள். முனிகிருஷ்ணன் பிளாஸ்டிக் பிலிம் கம்பெனி ஒன்றின் சோதனைக் கூடத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாக்கெட்டில் எந்தக் கோளாறு வந்தாலும் சுற்றுவட்டாரத்தில் அவரைத்தான் தேடி வருவார்கள்.

“முறுக்கு நமுத்துப் போவுது சார். அம்பது பாக்கெட்ல பத்து பதினஞ்சு காத்து எறங்கிக் கெடக்குது. நாளைக்குள்ள சரி பண்ணலைன்னா ஆர்டர் கேன்சல்னு இங்க கடையில சொல்லிட்டாங்க.”

“மெல்லிசு பிலிமைத் தலையில கட்டியிருப்பாங்க. அவ்ளோதான்” என்றாள் காபியோடு வந்த முனிகிருஷ்ணனின் மனைவி சந்திரம்மா.

“காபி இன்னும் என் கைக்கே வரல. அதுக்குள்ள கேஸை முடிச்சிட்டா பாரு” என்றார் முனிகிருஷ்ணன்.

“நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன் அக்கா” என்றாள் பிரமிளா. “துலுக்காணம் அண்ணன்கிட்டதான் பிலிம் ரோல் வாங்கறேன். முன்ன நம்ம பக்கம் பேப்பர்ல மடிச்சித்தான கொடுப்பாங்க? இப்ப கடலை, அப்பளம், ஊறுகாய் எல்லாமே பாக்கெட்டு. ரெண்டு வருஷத்துல அவரு யாபாரம் மூணு மடங்கு ஆயிடுச்சி. அவசரத்துல கெடச்சதைத் தள்ளி வுடறாரோன்னு பாத்தேன். ஆனா நேத்து…”

நேற்று, மெஷின் ஓட்டும் சபீனா ஈரத்துணியால் ரோலின் பக்கவாட்டைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பிரமிளா பார்த்துவிட்டாள். துணியில் மஞ்சள் கறை இருந்தது.

“ஏன்டின்னு கேட்டா தலையைக் குனிஞ்சிக்கினு நிக்கறா. நாளையிலேர்ந்து வேலைக்கு வராதன்னு சொல்லிடலாம்னு இருக்கேன். மூணு வருஷமா கூடப் பொறந்தவ மாதிரி இருந்தா சார்.”

முனிகிருஷ்ணன் ஒரு பாக்கெட்டைக் கத்தரித்து அளவுக் கருவியில் வைத்துப் பார்த்தார். “அறுபது மைக்ரான். சொன்ன கனம் இருக்குது. துலுக்காணத்தை வுட்டுடலாம்.”

பிறகு வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொரு பாக்கெட்டிலும் வரிசை எண் அச்சாகியிருந்தது. புது ரோல் மாட்டும்போது எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் அமுக்கினார். குமிழி விட்டவற்றின் எண்களைச் சந்திரம்மா எழுதினாள். எல்லாக் குமிழியும் முதுகுப் பக்கத்து நீளத் தையலிலிருந்தே வந்தது. பிலிமின் இரண்டு ஓரங்களும் ஒட்டும் இடம் அது.

“என்னாங்க, இங்க பாருங்க. மொதல் பெட்டியில அஞ்சுக்கு ஒண்ணு. ரெண்டாவது பெட்டி நாலாயிரத்துக்கு மேல போன நம்பரு. அதுல மூணுக்கு ஒண்ணு.”

“பாத்தியா, இப்பதான் கேஸே ஆரம்பிக்குது” என்று அவர் எழுந்து சட்டையை மாட்டினார். சந்திரம்மாவும் கூடக் கிளம்பினாள்.

மதியம் வடமாலபேட்டைப் பட்டறையில் எண்ணெய் வாசனை நிறைந்திருந்தது. சாமி படத்தின் கீழே புது ரோல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் வட்ட முகத்திலும் விளிம்பிலிருந்து நடு ஓட்டை வரை மஞ்சள் குழைத்து இழுத்த ஒரு நாமக்கோடு. அதன் மேல் குங்குமம். சபீனா மெஷின் பக்கத்தில் ஒதுங்கி நின்றாள். அப்போதுதான் சரக்கு இறக்க வந்திருந்த துலுக்காணம், “என் பிலிம்ல குறை சொன்னா நான் ஒத்துக்கமாட்டேன் சார்” என்றார்.

“யாரும் சொல்லல. எல்லாரும் உக்காருங்க” என்றார் முனிகிருஷ்ணன். “பிலிம் மெல்லிசுன்னா எல்லா பாக்கெட்டும் போவணும். ஒட்டற பிளேட்டுல கோளாறுன்னா ரோல் முடியற வரைக்கும் ஒரே கணக்கா வரணும். வேணும்னே ஒருத்தர் கெடுத்தா கணக்கே இருக்காது. இங்க அஞ்சுக்கு ஒண்ணுன்னு ஆரம்பிச்சி மூணுக்கு ஒண்ணு ஆவுது. ரோல் ஓட ஓட எது சின்னதாவும்?”

சந்திரம்மா முந்திக்கொண்டாள். “ரோலோட சுத்து.”

“அதேதான். பெரிய ரோல் ஒரு சுத்து சுத்தினா அஞ்சு பாக்கெட். எளைச்ச பிறகு மூணு. அப்ப சுத்துக்கு ஒருதடவை, ஒரே எடத்துல, பிலிமோட ஓரத்துல என்னமோ ஒட்டிக்கினு இருக்குது.”

அவர் ஒரு புது ரோலை எடுத்துச் சில சுற்றுகள் பிரித்தார். சுற்றுக்கு ஒருமுறை, ஓரத்தில் நகக்கண் அளவு மஞ்சள் வந்துபோனது.

“கொழச்ச மஞ்சள் அடுக்குக்கு அடுக்கு உள்ள எறங்கி இருக்குது. மஞ்சள் பட்ட எடத்துல பிலிம் ஒட்டாது. கோடு நடுவரைக்கும் போறதால கடைசி பாக்கெட் வரைக்கும் வுடாது. ஊர்க் கடையில ரெண்டு நாள்ல துன்னு தீத்துட்டாங்க, தெரியல. திருப்பதிக் கடையில மாசக்கணக்குல நிக்குது, தெரிஞ்சிபோச்சி.”

பிரமிளா ரோலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “குளிச்சிட்டு வந்து ஒவ்வொண்ணுக்கும் நான்தான் சார் வெக்கறேன்.” பிறகு சபீனா பக்கம் திரும்பினாள். “உனக்குத் தெரியுமாடி?”

“சந்தேகம் இருந்துச்சிக்கா. நீங்க கண்ணை மூடிக்கினு ரோலைத் தொட்டுக் கும்புடுவீங்க. அதுல போயி நான் எப்படிக்கா தப்பு சொல்றது? மேல தொடச்சா போயிடும்னு பாத்தேன். உள்ள எறங்கினது போவல.”

“வேலை போனாலும் பரவாயில்லன்னு வாயை மூடிக்கினு நின்னியே. பைத்தியமாடி நீ?”

பிரமிளா போனை எடுத்துத் திருப்பதிக் கடைக்குப் பேசினாள். தவறு தன்னுடையது, மெஷின் ஓட்டும் பெண்ணுடையது அல்ல, நாளைக்கு வேறு பெட்டி வருகிறது என்று சபீனாவின் காதில் விழும்படி தெலுங்கில் இரண்டு தடவை சொன்னாள். காலையில் சரக்கைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகக் கடைக்காரர் ஒத்துக்கொண்டார்.

துலுக்காணம் வண்டியிலிருந்து கோடு போடாத ரோல் ஒன்றைத் தோளில் தூக்கி வந்தார். சபீனா அதை மாட்டி மெஷினை ஓட்டினாள். விழுந்த அறுபது பாக்கெட்டுகளையும் சந்திரம்மாவே தண்ணீரில் அமுக்கிப் பார்த்தாள். ஒரு குமிழி வரவில்லை.

“மஞ்சள் வெக்காம எனக்கு மனசு கேக்காதுடி” என்றாள் பிரமிளா மெதுவாக.

சபீனா குனிந்து, மோட்டார் மூடியின் மேலிருந்த தூசியைத் தன் முந்தானையால் துடைத்தாள். “இங்க வைங்கக்கா. இங்க பிலிம் படாது.”