பீரங்கிக்கு உப்புப் போதுமா?

ஐனா வளர்க்கும் மீனின் பெயர் பீரங்கி. விரல் நீளம்தான் இருக்கும். ஆனால் வாயால் தண்ணீரைப் பீய்ச்சி, தொட்டிக்கு மேலே சுவரில் ஓடும் எறும்பைக் குறிபார்த்து வீழ்த்திவிடும். கொஞ்சம் மெனக்கெட்டால் பினாங்குச் சூலியா தெருவில் பறக்கும் காக்காயையே கீழே இறக்கிவிடும் என்பதில் ஐனாவுக்குச் சந்தேகமில்லை.

மலாய்க்காரர்கள் இதைச் சும்பிட் மீன் என்பார்கள். ஆறும் கடலும் கலக்கிற இடத்தில், பாதி உப்புத் தண்ணீரில் வாழ்வது. அதனால்தான் கமாலுதீன் மாமா பாலிக் புலாவிலிருந்து மீனோடு நான்கு கேன் முகத்துவாரத் தண்ணீரும் கொண்டுவந்து தந்திருந்தார். தண்ணீரைத் திடீரென்று மாற்றினால் மீன் தாங்காது என்றும் எச்சரித்திருந்தார்.

தொட்டி இருந்தது அத்தாவின் நாசி கண்டார் சோற்றுக் கடையின் பின்கட்டில். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஐனா அங்கே போனபோது பீரங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. செவுள் மட்டும் படபடவென்று அடித்தது.

தண்ணீர் பளிச்சென்று இருந்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்பே இல்லை. குளோரின் வாடை வேறு.

மேசைக்கு அடியில் தம்பி இம்ரான் பதுங்கியிருந்தான். வயது ஆறு. கையில் குவளை, கன்னத்தில் ஒரு சோற்றுப் பருக்கை.

ஐனாவுக்குத் தொண்டைவரை கத்தல் வந்தது. விழுங்கிக்கொண்டாள். இம்ரான் அழ ஆரம்பித்தால் பட்டர்வொர்த் போகிற ஃபெர்ரிகூடப் பயந்து திரும்பிவிடும். பிறகு அரை மணி நேரத்துக்கு அவனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது. பீரங்கிக்கு அரை மணி நேரம் இல்லை.

அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "தண்ணிய மாத்துனியா, தம்பி?"

"நக்கிப் பாத்தேன்க்கா. ஒரே உப்பு. பாவம், அதுக்குத் தாகம் எடுக்கும்ல? அதான் பைப்புத் தண்ணி குடுத்தேன்."

"சரி. பழைய தண்ணி எங்க?"

இம்ரான் சுவரோரம் கை காட்டினான். கழுவிக் கவிழ்த்திருந்த பெரிய சோற்றுத் தேக்சாவை நிமிர்த்தி, அதில் குவளை குவளையாக ஊற்றி வைத்தானாம்.

அங்கே தேக்சா இல்லை. தரையில் வட்டமான ஈரம் மட்டும் இருந்தது.

ஐனா சமையலறைக்கு ஓடினாள்.

தேக்சா அடுப்பில் ஏறியிருந்தது. நெருப்பு அப்போதுதான் பற்றியிருந்தது. மலாக்காவில் உப்புக் கூடினால் பினாங்கிலேயே மோப்பம் பிடிப்பவர் என்று பெயரெடுத்த சமையல்காரர் யூசுப், கரண்டியால் ஒரு வாய் எடுத்து ருசி பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். சோற்றுக்குத் தண்ணீர் பிடித்து வைத்தது யாரோ, உப்பையும் அளந்து போட்டிருக்கிறார்கள் என்று அவருக்கு நினைப்பு. அவருடைய இன்னொரு கையில் பட்டை, கிராம்பு, ஏலக்காய். கை தேக்சாவின் மேலே போனது.

"யூசுப் அண்ணே, போடாதீங்க. அடுப்ப அணைங்க."

"ஏன்லா? ஆளுங்க பசியோட வர்ற நேரம்."

"அது மீனோட தண்ணி."

யூசுப் கரண்டியைப் பார்த்தார். தேக்சாவைப் பார்த்தார். கை மெதுவாகக் கீழே இறங்கியது. அடுப்பு அணைந்தது.

"ரெண்டு தடவ குடிச்சுப் பாத்தேன்லா, ஐனா," என்றார் ஈனக் குரலில்.

ஐனா தண்ணீரில் விரல் வைத்துப் பார்த்தாள். இன்னும் சூடேறவில்லை. இருவரும் தேக்சாவைத் தூக்கிவந்தார்கள். மீன் மூழ்கும் அளவு மட்டும் விட்டு, குழாய்த் தண்ணீரை முகந்து வெளியே ஊற்றினாள். பழைய தண்ணீரை ஒவ்வொரு குவளையாகத் திரும்ப ஊற்றினாள். குவளைக்குக் குவளை ஐம்பதுவரை எண்ணுவது இம்ரானின் வேலை. அவனுடைய கணக்கில் முப்பதுக்கு அடுத்தது நாற்பது.

பத்துக் குவளை போயிற்று. பீரங்கி சாய்ந்தே கிடந்தது. பதினைந்து. செவுள் துடிப்பு நிதானமானது. யூசுப் சோற்றை மறந்து நின்றார். கடையில் சோற்றுக்கு நிற்கும் வரிசை கொம்தார் கோபுரம்வரை போயிருக்கும்.

இருபத்தோராவது குவளையில் பீரங்கி தள்ளாடி நிமிர்ந்தது.

இம்ரான் தொட்டிமேல் முகத்தைக் கவிழ்த்தான். "இப்ப தாகமா இருக்கா உனக்கு?"

சுளீர்.

கன்னத்திலிருந்த சோற்றுப் பருக்கையைக் காணோம். முகமெல்லாம் தண்ணீர். இம்ரான் உதட்டை நக்கிப் பார்த்தான். பிறகு யூசுப் அண்ணனைப் போலவே திருப்தியாகத் தலையாட்டினான்.

"உப்பு சரியா இருக்குக்கா."