கொளஞ்சி பிடித்த பச்சை மின்னல்

“பகல்ல மின்னலப் போட்டோ எடுக்கப் போறியா? அப்படியே காத்தையும் புடிச்சு டப்பால போட்டுட்டு வா!”

ஏழாம் வகுப்பே கேட்கும்படி கத்தினான் பாலாஜி.

பள்ளிச் சுவரில் மழைப் படங்களை மாட்டப் போகிறார்கள். கொடுக்கக் கடைசி நாள் நாளை. “நான் பகல் மின்னல் கொண்டு வர்றேன் மிஸ்” என்று எழுந்து சொல்லிவிட்டாள் கொளஞ்சி. இதுவரை எடுத்தது நாற்பது படம். நாற்பதிலும் வெறும் மேகம்.

அன்று நாலரை மணிக்கு மலைமேல் மேகம் இருண்டது. கரன்ட் போனதால் அப்பாவின் வெல்டிங் பட்டறையும் நின்றது. அப்பா தன் செல்போனைக் கொடுத்தார்.

“ஜன்னலுக்கு உள்ளயே நிக்கணும். வாசல்ல கால வச்சே, போனப் புடுங்கிருவேன்.”

வேடிக்கை பார்க்கப் பக்கத்து வீட்டு பாலாஜியும் வந்துவிட்டான்.

பளீர்! கொளஞ்சி அமுக்கினாள். படத்தில் மேகம்தான் விழுந்தது.

“மின்னல் டாடா காட்டிட்டுப் போயிருச்சு” என்றான் பாலாஜி.

“பாத்துட்டு அமுக்குனா லேட்டுடா. அது வரும்போது கேமரா தொறந்தே இருக்கணும்.”

படம் பதியும் நேரத்தை அரை நொடியாகக் கூட்டினாள். பகல் வெளிச்சம் நிரம்பி, படம் வெள்ளையடித்த சுவராகிவிட்டது.

வெளிச்சத்தைக் குறைக்க வேண்டுமே!

“அப்பா, உன் வெல்டிங் கண்ணாடியக் கொடு!”

அதை கேமராவின் முன்னால் வைத்தாள். ஒரே கும்மிருட்டு.

“ராத்திரியே ஆயிடுச்சு!” பாலாஜி சிரித்தான்.

கொளஞ்சி யோசித்தாள். “அப்பா, கேஸ் வெல்டிங்குக்கு ஒரு பச்சைக் கண்ணாடி போடுவியே? அது இவ்வளவு இருட்டா இருக்காதுல்ல?”

“அட, ஆமாம்!” அப்பா எடுத்து வர ஓடினார்.

பச்சைக் கண்ணாடியை டேப்பால் ஒட்டினாள். அரிசி நிரப்பிய படியில் போனைச் செருகினாள். விரல் பட்டால் போன் ஆடும் என்று, இயர்போனைச் செருகி அதன் பொத்தானை அமுக்கிப் படம் எடுத்தாள். மின்னலுக்குக் காத்திருக்காமல் விடாமல் அமுக்கினாள்.

“தொண்ணூறு... நூறு...” கிண்டலாக எண்ணத் தொடங்கிய பாலாஜியின் குரல் மாறியது. “சார்ஜ் நாலு சதவீதந்தான் இருக்கு. நிறுத்தாத கொளஞ்சி! நூத்திப் பன்னெண்டு...”

பளீர்!

இருவரும் போன்மேல் கவிழ்ந்தார்கள். மேகத்திலிருந்து மலைவரை, வேர்விட்டுக் கிளைவிட்டு, பச்சைப் பசேலென்று ஒரு மின்னல்!

“புடிச்சுட்டா! மாமா, கொளஞ்சி புடிச்சுட்டா!” தெருவுக்கே கேட்டது பாலாஜியின் கூச்சல்.

மறுநாள் படத்தைப் பார்த்த சத்யா மிஸ், “இது ஏன் பச்சையா இருக்கு?” என்றார்.

கொளஞ்சி வாய் திறப்பதற்குள் பாலாஜி எழுந்துவிட்டான். “அது கேஸ் வெல்டிங் கண்ணாடி மிஸ். மத்தக் கண்ணாடின்னா ஒண்ணுமே தெரியாது. இதுகூடத் தெரியாதா?”

வகுப்பு மொத்தமும் சிரித்தது. மிஸ்ஸும்தான்.

சுவரின் நடுவில் அந்தப் படம் ஏறியது. அதன் கீழே கொளஞ்சி தன் கையால் எழுதினாள்:

‘பிடித்தது: கொளஞ்சி. எண்ணியது: பாலாஜி.’