கைப்பிரதிக்குக் கிடைத்த முதல் ஆத்துமா

மழைக்கு ஒதுங்க அந்தத் தெருவில் எத்தனையோ கடைகள் இருக்க, அவன் ஏன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் வந்து விழ வேண்டும்?

விழுந்தான் என்பது பேச்சுக்குச் சொன்னது இல்லை. நிஜமாகவே விழுந்தான். ஈரச் செருப்பு வாசலில் வழுக்க, கதவைப் பிடிக்கப் போய், கடையில் வேலை பார்க்கும் அவள் காலையிலிருந்து துடைத்துத் துடைத்து அடுக்கியிருந்த ஃபிரேம் ஸ்டாண்டைப் பிடித்து, அதையும் கூட்டிக்கொண்டு தரைக்குப் போனான். எழுந்தபோது முகத்தில் கண்ணாடி இல்லை.

"ஸாரிங்க... என் கண்ணாடி..."

"கண்ணாடிக் கடையில வந்து கண்ணாடியைத் தொலைச்சிருக்கீங்க. நல்லா இருக்கு. அசையாதீங்க, ஏற்கெனவே ரெண்டை மிதிச்சாச்சு."

"அதுல ஒண்ணு என்னோடதா இருக்குமோ?"

அவனுடையதேதான். ஒரு கால் ஒடிந்து, ஒரு பக்க லென்ஸ் கழன்று கிடந்தது. முதலாளி வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் இப்படியெல்லாம் நடக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு அவனைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், கண் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"வேற கால் மாட்டித் தரேன். நேரமாகும். பேசாம உக்காருங்க."

அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள்.

பவர் பார்த்துச் சொல்வதும் அவள் வேலைதான்; கண்ணாடியைக் கழற்றியவர்களின் கண்களைத் தினமும் பார்ப்பவள். எல்லோரும் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பார்கள். இவன் சுருக்கவில்லை. மழைத்துளி தங்கிய இமைகளோடு, எதிரே இருப்பது ஆளா அலமாரியா என்ற கவலையே இல்லாமல், அகலத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழுது முடித்தவர்களின் கண்கள் அப்படி இருக்கும். அழ மறந்தவர்களுக்கும் இருக்கலாம்... அவளுக்கு எரிச்சல் கொஞ்சம் குறைந்தது.

இங்கே அவளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சபையின் வாலிபர் கூட்டத்தில் அவளுக்குக் 'கைப்பிரதி' என்று பெயர். பிறருக்கு ஆண்டவரைச் சொல்லப் பழக்கும் சீஷத்துவ வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து, சுவிசேஷக் கைப்பிரதிகள் நிறைந்த துணிப்பை இல்லாமல் அவள் வெளியே கிளம்பியதில்லை. கொடுத்தாள், கொடுத்தாள், கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஒருவராவது திரும்பி வந்து ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டுமே? கிடையாது. சனிக்கிழமைதோறும் மற்றவர்கள் எழுந்து, ஆண்டவரிடம் தாங்கள் கொண்டுவந்த ஆத்துமாக்களைப் பற்றிச் சாட்சி சொல்வார்கள். இவள் முறை வந்தால், "பிரதி கொடுத்தேன்" என்று சொல்லிவிட்டு உட்காருவாள். "விதைக்கிறது மட்டுந்தான் சிஸ்டர் நம்ம வேலை" என்பார் வாலிபர் தலைவர். அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அவள் காதே புளித்துவிட்டது. கோளாறு மண்ணில் இல்லை, தன் விசுவாசத்தில்தானோ என்ற பயம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது எதிரே ஒரு மனிதன். வெளியே கொட்டுகிற மழை. அவன் கண்ணாடி அவள் கையில். ஓட வழியே இல்லாத ஆளை ஆண்டவரே கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்திருக்கும்போது சும்மா இருக்கலாமா?

தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். வகுப்பில் சொல்லித் தந்த முதல் கேள்வியைக் கேட்டாள்.

"நீங்க சமாதானமா இருக்கீங்களா?"

எல்லோரும் 'இருக்கேன், இருக்கேன்' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள். இவன் மழைச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். கண்ணாடிக் கதவில் மழை கோடு கோடாக வழிந்தது.

"இல்லைங்க" என்றான்.

இல்லை என்று சொன்னால் என்ன செய்வதென்று வகுப்பில் சொல்லித் தரவில்லை. அவள் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, மனப்பாடம் செய்ததையெல்லாம் மறந்து, தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அப்பா இறந்த வருடம் தான் ஆண்டவரோடு சண்டை போட்டதை, சண்டை போடப் போட அவர் பக்கத்திலேயே இருந்ததை... அவன் தலைகுனிந்து கேட்டான். சேர்ந்து ஒரு ஜெபம் சொல்லலாமா என்றதற்குத் தலையசைத்தான். அவள் சொல்லச் சொல்ல வரிவரியாகத் திருப்பிச் சொன்னான். 'நான் வழிதப்பிப் போனேன்' என்ற இடத்தில் அவன் குரல் உடைந்தது.

"ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வாங்க. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால இருக்கிற பெரிய சபை."

"அங்கயா? நான் அங்க..."

"தயங்காதீங்க. முதல் தடவை எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். நான் பக்கத்துல இருந்து சொல்லித் தரேன்."

"இல்லைங்க, விஷயம் என்னன்னா..."

"ஒண்ணும் யோசிக்காதீங்க. வாங்க, போதும்."

முதலாளி குடையை உதறியபடி உள்ளே வந்தார். மழையும் விட்டிருந்தது. அவசரமாகக் கால் மாட்டி முடித்த கண்ணாடியை, போட்டுப் பார்க்கக்கூட விடாமல் அவன் கையில் திணித்து அனுப்பிவிட்டாள். பெயர் என்ன, என்ன வேலை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சந்தோஷத்தில் அது விட்டுப்போயிற்று.

சனிக்கிழமை எழுந்து நின்று சொன்னாள். "ஒரு ஆத்துமா கிடைச்சிருக்கு." கூட்டம் கைதட்டியது. அம்மாவுக்குத் தெரிந்தபின் கேட்க வேண்டுமா? ஞாயிறு காலைக்குள் சபையில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

ஞாயிறு அன்று அம்மாவுக்கும் தனக்கும் நடுவே இடம் விடாமல், மறுபக்கத்தில் துணிப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். அவன் வாசலில் வந்து நின்றான். முன்வரிசையிலிருந்து போதகர் கையசைத்ததை அவள் கவனித்தாள். பரவாயில்லை, புதியவர்களை நன்றாகத்தான் வரவேற்கிறார் என்று நினைத்தாள். முந்திக்கொண்டு போய் அவனை அழைத்து வந்து பையை எடுத்து உட்கார வைத்தாள்.

"நீங்கதானா?" என்றான் அவன். "குரலை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்..."

இன்று அவன் முகத்தில் கண்ணாடி இருந்தது. முதல்முறையாக அவளை முழுதாகப் பார்த்தான். பார்த்தவன் பார்வையை எடுக்க மறந்துபோனான். அவளுக்குக் காது சுட்டது. புதிதாக வந்த ஆத்துமா இப்படிப் பார்க்கலாமா?

"முன்னால பாருங்க. இப்ப எழுந்திருக்கணும்... பாட்டு இந்தப் பக்கம். இப்ப உக்காரலாம். காணிக்கைப் பை வரும், முதல் தடவை வர்றவங்க போட்டே ஆகணும்னு இல்ல."

"சிஸ்டர், நான் ஒண்ணு சொல்லணும்."

"ஷ்... ஆராதனையில பேசக் கூடாது."

போதகர் ஒலிபெருக்கி முன் வந்தார். "இன்னிக்கு மிஷனரி ஞாயிறு. மலைப் பணித்தளத்துல பல வருஷமா பள்ளிக்கூடம் நடத்தி ஊழியம் செய்யற நம்ம மிஷனரி சகோதரர் இப்ப செய்தி கொடுப்பார். முன்வரிசையில இடம் போட்டிருந்தோம், அவர் தாழ்மையா நடுவுல போய் உக்காந்துட்டார். வாங்க பிரதர்."

பக்கத்து இருக்கைக்காரன் எழுந்தான்.

பாடகர் குழுவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மா அவள் முழங்கையைக் கிள்ளினாள். "இவரா உன் ஆத்துமா?" அம்மாவின் ரகசியக் குரல் எப்போதுமே இரண்டு வரிசைக்குக் கேட்கும்.

அவன் முன்னே போய்ச் சேர்வதற்குள் அவள் பையை எடுத்துக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியேறிவிட்டாள். தூறல் வேறு. மிஷனரிக்கே சுவிசேஷம் சொல்லியிருக்கிறாள்... வரிவரியாக ஜெபம் வேறு சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அந்த மனிதரும் நல்ல பிள்ளைபோல் திருப்பிச் சொல்லியிருக்கிறார். மனதுக்குள் எப்படிச் சிரித்திருப்பார்! உடைந்த குரல்கூட நடிப்புத்தானோ? அந்த எண்ணம்தான் எல்லாவற்றையும்விட வலித்தது.

"ஆண்டவரே, இத்தனை நாளைக்கப்புறம் ஒண்ணு கொடுத்தீர். அதுவும் ஏற்கெனவே உம்முடையது" என்று நடுத்தெருவில் வாய்விட்டே சொன்னாள்.

வீட்டுக்கு வந்த அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஏன்டி பாதியில ஓடி வந்த? அவர் என்ன சொன்னார் தெரியுமா?"

"அவர் பேச்சையே எடுக்காதீங்க."

"அதில்லடி..."

"அம்மா. போதும்."

பாடகர் குழுத் தோழி போன் செய்தாள். துண்டித்தாள். வாலிபர் தலைவர் செய்தார். "இனிமே வகுப்புக்கு வரல அண்ணே" என்று சொல்லி, அவர் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள். துணிப்பை கடையின் மேஜைக்கு அடியில் போய்க் கிடந்தது. கைப்பிரதி ஊழியம் அதோடு முடிந்தது.

திங்கட்கிழமை அவனே கடைக்கு வந்து நின்றான்.

"ஸ்க்ரூ லூசா இருக்கு."

"தெரியுது." முறுக்கிக் கொடுத்தாள்.

"அன்னிக்கு நடந்ததுக்கு..."

"கண்ணாடியைத் தவிர இங்க வேற எதுவும் பேசறதில்லை."

மறுநாளும் வந்தான். மூக்கில் அழுத்துகிறதாம். சரிசெய்தாள், பேசவில்லை. அதற்கு அடுத்த நாள் முதலாளி இல்லாத நேரமாகப் பார்த்து வந்தான். அவள் வாயைத் திறக்குமுன் தானே கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, தட்டுத் தடுமாறிப் போய்ப் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

"இப்ப எனக்கு எதுவும் தெரியாது. நீங்க முறைக்கறதும் தெரியாது. அதனால தைரியமாப் பேசிடலாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்குத்தான் தெரியாதே என்று, சத்தமில்லாமல் சிரித்தும் கொண்டாள்.

"நான் உங்களை ஏமாத்தல" என்றான். "சொல்ல வந்தேன், நீங்க விடல. அது என் தப்பு இல்ல. ஆனா அந்த ஜெபத்தை நான் ஏன் சொன்னேன்னு சொல்லணும். மலையில எனக்குப் பெருசா ஒண்ணும் நடக்கல. யாரும் அடிக்கல, விரட்டல. வேலைதான்... பள்ளிக்கூடம், கூட்டம், பிரசங்கம். ஒருநாள் ஜெபம் பண்ணிக்கிட்டே இருக்கேன், நான் பேசறதை நானே கேக்கலன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் உள்ள ஒண்ணுமே இல்ல. எல்லாரும் ஊழியம் எப்படி இருக்குன்னு கேப்பாங்க. நீ எப்படி இருக்கேன்னு கேட்டதில்ல. ஊழியக்காரன்கிட்ட போய் யார் கேப்பாங்க?"

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"மழை பெய்ஞ்ச அன்னிக்கு மிஷன் ஆபீசுக்குத்தான் போய்க்கிட்டிருந்தேன். இனிமே திரும்பிப் போகலன்னு சொல்றதுக்கு. வழியில இங்க விழுந்தேன். சமாதானமா இருக்கீங்களான்னு நீங்க கேட்டீங்க."

"அப்ப... அந்த ஜெபம்..."

"நிஜம். வார்த்தைக்கு வார்த்தை நிஜம். ஆபீசுக்குப் போய், திரும்பிப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். உங்களுக்குக் கிடைச்ச ஆத்துமா பொய் இல்ல. ஞாயிற்றுக்கிழமை மேடையில நான் சொன்னதும் இதைத்தான். எழுதி வச்சிருந்த பிரசங்கத்தை விட்டுட்டேன். சொல்லிட்டுத் திரும்பிப் பார்த்தா, பெஞ்சு காலி."

"மேடையிலயா? எல்லாருக்கும் முன்னாடியா?"

அம்மா, தோழி, வாலிபர் தலைவர்... எல்லோரும் இதைச் சொல்லத்தான் வந்தார்கள். எல்லோர் வாயையும் அடைத்தது அவள்தான். இவனையும் அன்றைக்கு இதே கடையில் பேசவிடாமல்தான் அனுப்பினாள். தன்மேலேயே வந்த எரிச்சலில் அவளுக்கு அழுகை முட்டியது.

"இன்னொண்ணும் இருக்கு" என்றான். குரல் கொஞ்சம் தடுமாறியது.

அவளுக்கு விளங்கிவிட்டது. பாடகர் குழுவில் ஒருவன் முன்பு இப்படித்தான் ஆரம்பித்தான். நீதான் எனக்கென்று கர்த்தர் சொப்பனத்தில் காட்டினார் என்றான். அவள் மறுத்த ஆறே மாதத்தில் கர்த்தர் அவனுக்கு வேறொருத்தியைக் காட்டிவிட்டார்.

"கர்த்தர் சொன்னார்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. எழுந்து போயிடுவேன்."

"சொல்லல. கேட்டுப் பார்த்தேன், பதிலே இல்ல. உனக்கு வாய் இருக்கில்ல, நீயே பேசுன்னு விட்டுட்டார் போல. அதனால நானாத்தான் சொல்றேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. முகம்கூடத் தெரியாதப்பவே பிடிச்சுது. ஞாயிற்றுக்கிழமை முகமும் தெரிஞ்சு... இன்னும் மோசமாயிடுச்சு."

வெளியே மறுபடி தூறத் தொடங்கியிருந்தது. அவள் கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள். துடைத்ததையே திரும்பவும் துடைத்தாள். பிறகு அருகில் போய், தானே அவன் முகத்தில் மாட்டிவிட்டாள். எத்தனையோ பேருக்கு மாட்டிய கைகள்தான். இன்று காதோரம் வந்ததும் விரல்கள் அங்கேயே தங்கிவிட்டன. அவன் கண்கள் தெளிந்து அவள்மேல் வந்து நின்றன.

"அழறீங்களா?"

"எனக்கும் பிடிச்சிருக்கு" என்றாள். "அதனாலதான் இவ்வளவு எரிச்சல். போதுமா?"

அவன் தலையசைத்தான்.

"எப்ப கிளம்பறீங்க?"

"சனிக்கிழமை. ஞாயிறு ஆராதனை அங்கதான்."

"அங்க கண்ணு பாக்க யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல. எழுத்து தெரியலன்னு பிள்ளைங்க பள்ளிக்கூடத்தை விட்டு நின்னுடறாங்க. படிப்பு வரலன்னு வீட்டுலயும் நினைச்சுக்கறாங்க."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "அங்க சபையில உக்கார பெஞ்சு இருக்கா?"

"தரைதான்."

"அம்மாகிட்ட நீங்கதான் வந்து பேசணும். பேசும்போது..."

"கர்த்தர் சொன்னார்னு சொல்ல மாட்டேன்."

"ம்."

மேஜைக்கு அடியில் குனிந்து துணிப்பையை இழுத்தாள். கைப்பிரதிகளைக் கொட்டிவிட்டு, வெறும் பையை அவனிடம் நீட்டினாள்.

"இது எதுக்கு?"

"தரையில உங்களுக்குப் பக்கத்துல போட்டு வைங்க. அம்மா சரின்னு சொன்னதும் வந்து எடுத்துக்கறேன். அதுவரைக்கும் அங்க வேற யாரையும் உக்கார விடாதீங்க."